இரண்டு வீட்டில் ஒரு பியானோ

புதிதாக ஒரு பழைய பியானோவை வீட்டுக்குள் ஏற்றும்போதெல்லாம் எகோன் தன் மனைவி ஹெட்விக்கிடம், "இதுதான் கடைசி, ஹெடி" என்பான். ஆறு தடவை சொல்லிவிட்டான். படுக்கையறையில் இரண்டு, கூடத்தில் மூன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று என்று ஆறும் நின்றன. வியன்னாவில் டிராம் ஓடும் தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில், இரண்டு பேர் வாழ்வதற்கென்று கட்டிய வீடு அது. கட்டிலில் இருந்து இறங்கினால் ஹெட்விக்கின் கால் நேராக ஒரு பியானோவின் அடியில் போய் நிற்கும்.

அவள் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருவாள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வந்தும் கோட்டைக் கழற்ற முடியாது. அறையைச் சூடாக்கினால் காற்று காய்ந்துபோய், நூற்றைம்பது வருஷத்துப் பலகை வெடித்துவிடுமாம். எகோன் கணப்பைக் கால்வாசிக்கு மேல் திருப்ப விடமாட்டான். போதாததற்கு, காற்று உலராமல் இருக்க ஒவ்வொரு பியானோவுக்கும் அடியில் ஒரு வாளித் தண்ணீர். இருட்டில் எழுந்தால் ஏதாவது ஒரு வாளியில் கால் போகும்.

"எனக்குக் குளிருது, எகோன்."

"ஸ்வெட்டர் போட்டுக்கோயேன். பியானோவுக்கு ஸ்வெட்டர் போட முடியுமா?"

"பலகை வெடிச்சா ஒட்டிக்கலாம். எனக்கு நிமோனியா வந்தா என்னத்தை ஒட்டுவே?"

"நீதான் மருந்துக்கடையில இருக்கியே, உனக்கென்ன கவலை?"

இப்படிப் பேசுகிறவனிடம் மேற்கொண்டு என்ன பேச? முன்பாவது பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுக்கப் பகலில் வெளியே போய்க்கொண்டிருந்தான். அந்த ஊரில் பள்ளி ஆசிரியரையும் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதுவும் இல்லை.

ஆறில் ஐந்தையாவது ஹெட்விக் பொறுத்துக்கொண்டாள். அவை முழுப் பியானோக்கள். சாப்பாட்டு அறையில் நின்றதுதான் அவள் உயிரை வாங்கியது. அது பாதி.

ஒரு காலத்தில் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பியானோ பட்டறை இருந்தது. பியானோவெல்லாம் மரத்திலேயே செய்தது. தந்தியைத் தட்டும் சின்னச் சுத்தியல்களுக்குத் தோல் சுற்றியிருக்கும். ஒரு மிதியை அழுத்தினால் உள்ளே முரசு அடிக்கும், மணி ஒலிக்கும். துருக்கிப் படையின் வாத்தியம் மாதிரி கேட்கவேண்டும் என்று அந்தக் காலத்து மனிதர்களுக்கு அப்படி ஓர் ஆசை. பிறகு இரும்புச் சட்டம் போட்ட பெரிய பியானோக்கள் வந்தன. பழையவற்றை ஜனங்கள் எழுதுமேசை ஆக்கினார்கள், கோழிக்கூண்டு ஆக்கினார்கள், குளிருக்கு எரித்தார்கள். எகோனுடைய பாதியை வடக்கே ஒரு ரொட்டிக்கடைக்காரர் மாவுத் தொட்டியாக வைத்திருந்தார். உடம்பு, கால், தந்தி எல்லாம் இருந்தன. விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகள் மட்டும் இல்லை. இந்த வகைப் பியானோவில் கட்டைகளும் சுத்தியல்களும் சேர்ந்து ஒரே சட்டத்தில் மேசை இழுப்பறை மாதிரி வெளியே வந்துவிடும். அப்படி எப்போதோ யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

உருவியதை மோட்லிங் ஊர்ப் பல் டாக்டர் டாசிலோ கண்டுபிடித்தார். ஒரு நாடகக் கம்பெனியின் சாமான் அறையில், அட்டையில் செய்த பொய்ப் பியானோவின் முன்னால் அதை ஆணி அடித்து வைத்திருந்தார்களாம். பழைய பியானோ சேர்ப்பவர்கள் சங்கத்தில் ஒரு நாள் மாலை அதன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். முதல் கட்டையின் பக்கவாட்டில் மையால் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது. எகோன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவனுடைய மாவுத் தொட்டியின் உள்ளேயும் அதே கையெழுத்தில் அதே நாற்பத்தேழு.

"டாக்டர், அது என்னோட பியானோ!"

"இல்ல புரொபசர். உங்க வீட்டுல இருக்கே, அதுதான் என்னோட பியானோ."

அன்றைக்கு ஆரம்பித்தது. பதினோரு வருஷமாக இருவரும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அட்டை அனுப்பி, கீழே ஒரு வரி சேர்ப்பார்கள்: "தங்கள் பாதியை விற்பதாக இருந்தால் தெரிவிக்கவும்." இருவரும் விற்பதாக இல்லை. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதும் இல்லை. போனால் இறங்கிப் போனதாக ஆகிவிடுமாம்.

சில சாயங்காலங்களில் எகோன் அந்த வெறும் உடம்பின் முன்னால் உட்கார்ந்து, தந்தி ஒன்றை விரலால் சுண்டிவிட்டு, அது அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். பார்க்கும்போது ஹெட்விக்குக் கோபமும் வரும், மனசு ஒரு மாதிரியும் ஆகும். ஒரே நேரத்தில் இரண்டும் வருவதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அந்த வருஷம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஊருக்கு வெளியே ஒரு ஒயின் தோட்டத்தில் நடந்தது. ஆண்கள் எல்லோரும் சுத்தியல் தோல் மான் தோலா ஆட்டுத் தோலா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஹெட்விக் பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பருத்த பெண்மணி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மாவுத் தொட்டியோட மனைவியா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா. நீங்க?"

"பல் டாக்டரோட அக்கா. போல்டி. என் சாப்பாட்டு மேசை மேலதான் அந்தக் கட்டையெல்லாம் படுத்திருக்கு. பதினோரு வருஷமா நான் அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு சூப் குடிக்கிறேன்."

ஹெட்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது குவளை ஒயினில் இருவரும் 'நீ' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். போல்டி முப்பது வருஷம் நடனப் பள்ளியில் பியானோ வாசித்தவள். தம்பி தன் ஒன்பது பியானோவில் ஒன்றைக்கூடத் தொடவிடுவதில்லை.

"நான் தட்டினா உடைஞ்சிடுமாம். வாசிக்கறதுக்கு இல்லேன்னா அது என்ன பியானோ? சவப்பெட்டியா?"

"ரெண்டையும் ஒருதரம் சேர்த்துட்டா இந்தப் பைத்தியம் தெளியும்னு நினைக்கிறேன்" என்றாள் ஹெட்விக்.

"யாரு முதல்ல கேக்கறது? என் தம்பி கேக்கமாட்டான்."

"என் புருஷன் செத்தாலும் கேக்கமாட்டான்."

"அப்ப நாம கேட்டுடுவோம்" என்றாள் போல்டி.

மறுநாள் ஹெட்விக் எகோனிடம், டாக்டர் தன் பாதியை எடுத்துக்கொண்டு வந்து சேர்த்துப் பார்க்க அனுமதி கேட்கிறார் என்றாள். அதே நேரம் மோட்லிங்கில் போல்டி தம்பியிடம், புரொபசர் உன்னைக் கெஞ்சிக் கூப்பிடுகிறார் என்றாள். இரண்டு ஆண்களும் ஜெயித்த சந்தோஷத்தில் உடனே சரி என்றார்கள்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை டாசிலோ வந்தார். ஒல்லியாக, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கட்டைச் சட்டத்தை இறகுப் போர்வையில் சுற்றிக் காரில் கிடத்தியிருந்தார். கட்டடத்து லிஃப்டில் அது நுழையவில்லை. நான்கு பேரும் சேர்ந்து மூன்று மாடி தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு ஆண்களும், "மெதுவா, மெதுவா!" என்று பெண்களை அதட்டினார்கள். அதிகப் பாரம் பெண்கள் பக்கம்தான் இருந்தது.

மேலே வந்ததும் டாசிலோ மூச்சு வாங்கியபடியே ஹெட்விக்கின் கைக்கு முத்தம் கொடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"உங்க வீட்டுல ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி, புரொபசர்."

"உங்க ஊர்லதான் காத்து ரொம்ப உலர்ந்ததுன்னு கேள்விப்பட்டேன், டாக்டர்."

ஹெட்விக் கேக்கையும் காபியையும் கொண்டுவந்தாள். எங்கே வைப்பது என்று அவள் பார்ப்பதற்குள் இருவரும் ஒரே குரலில், "பியானோ மேல வைக்காதே!" "வைக்காதீங்க!" என்றார்கள். அவர்கள் முதல்முதலாக ஒத்துப்போன விஷயம் அது. தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

போர்வையைப் பிரித்தார்கள். சட்டத்தை இருபக்கமும் பிடித்துப் பியானோவின் வாயில் வைத்து மெல்லத் தள்ளினார்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எகோனின் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆனது. போனது, போனது, இரண்டு விரல் அகலம் மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது.

எகோன் தள்ளினான். நகரவில்லை.

"அழுத்தாதீங்க!" என்று கத்தினார் டாசிலோ.

"நீங்க பிடுங்கியே பழக்கப்பட்டவர், டாக்டர். சொருகறது உங்களுக்குத் தெரியாது."

வெளியே இழுத்துவிட்டு டாசிலோ டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இடது பக்கம் இருக்கே, புது மரத்துண்டு, அது என்ன?"

எகோன் தொண்டையைச் செருமினான். "பக்கப்பலகை கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. ஒரு தாங்கல் வச்சேன்."

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"என் பியானோவுல வைக்க நான் யாரைக் கேக்கணும்? அதோட, கட்டையில்லாம எத்தனை வருஷம் விட்டுவைக்கிறது? புதுசா ஒரு கட்டைச் சட்டம் செய்யச் சொன்னேன். அதோட அளவுக்குத்தான் தாங்கல்."

"புதுச் சட்டமா?" என்றாள் ஹெட்விக். "எங்கே அது?"

 எகோனின் கண் ஒரு நொடி படுக்கையறைப் பக்கம் போய்வந்தது. ஹெட்விக் போய்ப் போர்வை அலமாரியை இழுத்தாள். இரண்டு வருஷமாகப் பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த அலமாரி. சாவி எகோனின் கோட்டுப் பையிலேயே இருந்தது. திறந்தால், அவளுடைய குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால், மழமழவென்று ஒரு முழுக் கட்டைச் சட்டம் நின்றிருந்தது.

"ரெண்டு குளிர்காலம்! ரெண்டு குளிர்காலமா நான் மேல்கோட்டைப் போத்திக்கிட்டுத் தூங்கறேன், எகோன்!"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

இதற்குள் டாசிலோ குதித்துக்கொண்டிருந்தார். "சரித்திரத்துல ஆணி அடிச்சிருக்கீங்க! நூற்றைம்பது வருஷத்துப் பொருளைக் கெடுத்திருக்கீங்க!"

எகோனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. டாக்டரின் சட்டத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். மரத்தில் புழு அரித்த ஓட்டைகளெல்லாம் அடைபட்டிருந்தன. அடைத்திருந்தது ரோஜா நிறத்தில், ஈறு மாதிரி பளபளத்தது.

"இது பொய்ப்பல் செட்டுக்கு ஊத்தற பசைதானே?"

"அது நூறு வருஷம் நிக்கும்" என்றார் டாசிலோ விறைப்பாக.

"அந்த வலது பக்கம்? ஒட்டுப்போட்டு அகலமாக்கி இருக்கே, அது என்ன?"

டாசிலோ கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க கொடுக்கறதா இல்ல. அதனால நான் ஒரு உடம்பு செய்ய ஆரம்பிச்சேன். அதோட அளவுக்கு..."

போல்டி சிகரெட்டைக் கீழே இறக்கினாள். "கராஜுல துணி போட்டு மூடியிருக்கே, அதா? படகுன்னு சொன்னியேடா!"

"படகுன்னுதான் ஆரம்பிச்சேன்" என்றார் அவர்.

அதன்பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொலைகாரன் என்று திட்டிக்கொண்டார்கள். எகோன் இடையில் லத்தீனிலும் திட்டினான். சண்டை முற்றி, "நீங்க கெஞ்சினீங்கன்னுதானே வந்தேன்?" என்று டாசிலோ சொல்ல, "நான் கெஞ்சினேனா? நீங்கதானே அனுமதி கேட்டீங்க?" என்று எகோன் கேட்க, இருவரும் ஒரே சமயத்தில் பெண்கள் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா, பொய்தான் சொன்னோம்" என்றாள் போல்டி. "இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் கல்லறையிலதான் சந்திப்பீங்க."

ஹெட்விக் இரண்டு ஆண்களுக்கும் நடுவில் போய் நின்றாள். பதினோரு வருஷம் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்" என்றாள். டாக்டரிடம் இப்படிப் பேசியது அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "கிடைக்கலேங்கறதுக்காகக் கிடைச்சதை ஆளாளுக்கு வெட்டி ஒட்டி வச்சிருக்கீங்க. எகோன், தாங்கலை நீதானே வச்சே? நீயே எடு. டாக்டர், உங்க ஒட்டை நீங்க எடுங்க. எடுத்து, சேர்ந்து, வாசிச்சுக் காட்டற வரைக்கும் இந்த வீட்டுல யாருக்கும் சாப்பாடு கிடையாது, எகோனுக்கும் சேர்த்துத்தான்."

டாசிலோ ஜன்னல் விளிம்பில் இருந்த கேக்கைப் பார்த்தார். பிறகு பணிவாகக் கேட்டார்: "மெல்லிசா ஒரு ரம்பம் இருக்குமா, புரொபசர்?"

ஒரே நாளில் முடிகிற வேலையாக அது இல்லை. சாப்பாடு கிடையாது என்பதை ஹெட்விக்காலும் காப்பாற்ற முடியவில்லை. ஞாயிறு தவறாமல் டாசிலோ காலையிலேயே வந்துவிடுவார். பல் குடையும் கருவிகளையெல்லாம் கொண்டுவந்து, தான் ஊற்றிய பசையைத் துளித்துளியாகத் தோண்டினார். எகோன் ஈரத்துணியையும் இஸ்திரிப்பெட்டியையும் வைத்துத் தன் தாங்கலை இளக்கினான். அது ஹெட்விக்கின் இஸ்திரிப்பெட்டி. பழைய பசை ஒட்டி நாசமாயிற்று. வீடெங்கும் மரத்தூள். அவள் ஆறு பியானோக்களோடு ஒரு பல் டாக்டரையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. அவர் உப்பில்லாமல்தான் சாப்பிடுவார். ஈஸ்டர் தாண்டி ஒரு நாள் சமையலறையில் இருந்தபோது, உள்ளேயிருந்து, "டேய், அந்த விளக்கை இப்படிப் பிடி" என்று எகோனின் குரலும், "நீ முதல்ல கையை எடு" என்று டாக்டரின் குரலும் கேட்டன. எப்போது 'நீ'க்கு மாறினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு, இவ்வளவு சுலபமானதற்கா பதினோரு வருஷம் என்று நினைத்ததும் கோபம் திரும்பி வந்தது.

ஜூன் மாதம் அது உள்ளே போனது. விளிம்புவரை போய், டக் என்று உட்கார்ந்தது.

யார் முதல் கட்டையை அழுத்துவது என்று சண்டை ஆரம்பித்தது. உடம்பு மூத்தது என்றான் எகோன். சத்தம் பிறப்பது சுத்தியலில் என்றார் டாசிலோ. சீட்டுக் குலுக்கலாமா என்று அவர்கள் காகிதம் தேடப்போன நேரத்தில், போல்டி சிகரெட்டை அணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போல்கா நடனத்துக்கான துள்ளல் பாட்டு ஒன்றை ஆரம்பித்தாள். முரசு மிதியைக் காலால் ஓங்கி மிதித்தாள். பியானோவின் வயிற்றுக்குள் தும் தும் என்று அடித்தது, மணிகள் கலகலத்தன, கீழ்ச்சுருதிகள் மூக்கால் பேசுவது மாதிரி ரீங்கரித்தன. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்தளத்தை இடித்தார். அதுவும் தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

காகிதத்தோடு ஓடிவந்த இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். டாசிலோவின் வாய் திறந்தது, கத்துவதற்குத்தான். கத்தவில்லை. எகோன் சுவரில் சாய்ந்துகொண்டான். ஹெட்விக் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் தன்னைப் பார்த்து அவன் இப்படி நின்றதில்லை என்று தோன்றியது. தோன்றியும் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

சாயங்காலம் டாசிலோ இறகுப் போர்வையை விரித்தார்.

"என்ன செய்யறீங்க, டாக்டர்?" என்றாள் ஹெட்விக்.

"கட்டையை எடுத்துட்டுப் போறேன். உடம்பு அவனோடது, கட்டை என்னோடது. மாசம் ஒருதரம் கொண்டுவந்து சேர்ப்போம்னு பேசியிருக்கோம்."

எகோன் அதற்குத் தலையை வேறு ஆட்டினான்.

ஹெட்விக் போய் வாசல் கதவில் முதுகை வைத்து நின்றாள். "மூணு மாடி நான் தூக்கினேன். திரும்ப நான் தூக்கமாட்டேன், தூக்கவும் விடமாட்டேன். ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கணும். உங்க வீடோ எங்க வீடோ, இப்பவே சொல்லுங்க."

டாசிலோ ஜன்னலைப் பார்த்தார். போல்டி தம்பியைப் பார்த்தாள். எகோன் பியானோவின் பக்கத்தில் நின்று, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். அவன் எடுத்துக்கொண்ட நேரம் ஹெட்விக்குப் பொறுக்கவில்லை.

"மோட்லிங்குக்கே போகட்டும்" என்றான் கடைசியில்.

"என்னது?" என்றார் டாசிலோ.

"போல்டி அங்கதானே இருக்கா? அவ வாசிப்பா. எனக்கு வாசிக்க வராது."

இது சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம். ஆறு பியானோ வைத்திருக்கும் புரொபசருக்கு ஒரு ஸ்வரம் வாசிக்கத் தெரியாது. எட்டு வயதில் ஓர் ஆசிரியை விரலில் அடித்ததோடு விட்டவன். ஹெட்விக்குத் தெரியும். அவன் தானாக யாரிடமும் சொல்வான் என்று அவள் நினைத்ததே இல்லை.

டாசிலோ ரொம்ப நேரம் போர்வையை மடித்தார். "எனக்கும் பெரிசா வராது" என்றார்.

வியாழக்கிழமை ஆட்கள் வந்து உடம்பையும் கட்டைச் சட்டத்தையும் இறக்கிக்கொண்டு போனார்கள். எகோன் படிக்கட்டில் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து இறங்கினான், விழுந்தால் தாங்கிப் பிடிக்கப்போகிறவன் மாதிரி. சனிக்கிழமை காலை ரயில் பிடித்து மோட்லிங்குக்குக் கிளம்பினான். அடுத்த சனிக்கிழமையும் போனான். கோடை முடிவதற்குள் புதன்கிழமைகளும் சேர்ந்துகொண்டன.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மருந்துக்கடைக்கு போல்டி போன் செய்தாள். பின்னால் முரசு தும் தும் என்று கேட்டது.

"ஹெடி, உன் புருஷனைக் கூட்டிட்டுப் போ. காலையில எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துடறாரு. நான் வாசிச்சா, இன்னொரு தரம், இன்னொரு தரம்னு உயிரை வாங்கறாரு. நான் எழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து மிதியை மிதிச்சுப் பாக்கறாங்க. ஈரம் காஞ்சிடும்னு என் வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்தறாரு. வாளி வேற வாங்கிட்டு வந்திருக்காரு!"

"எத்தனை வாளி?"

"நாலு."

"இன்னும் ரெண்டு வரும், பாரு" என்றாள் ஹெட்விக். வாடிக்கையாளர் ஒருவர் இருமியபடி காத்திருந்தார். அவருக்குக் கையைக் காட்டி ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, "ராத்திரி ரயில்ல மறக்காம ஏத்தி விடு. இல்ல, நாளைக்குக்கூட ஏத்தலாம், அவசரமில்ல" என்று போனை வைத்தாள்.